பிறர் பணம்! ஒரு பாங்கியின் கதை சொல்லும் பாடம்

ஒரு கம்பெனி முறிந்தது. அந்த முறிவிலிருந்து ஒரு பாங்கி பிறந்தது.

அந்தப் பாங்கி 100 ஆண்டுகளைத் தாண்டி வளர்ந்தது. நடுவில் ஒரு முறை, அதுவே முறிந்து விடுமோ என்று அஞ்சும் நிலைக்கு வந்தது. பிறகு பிழைத்து எழுந்தது. இன்று 5 ஆயிரத்துக்கும் மேற்பட்ட கிளைகளுடன் நாடு முழுவதும் பரவி நிற்கிறது.

அதுதான் சென்னையில் பிறந்த இந்தியன் பாங்கி.

பாங்கியின் கதை என்றதும், "அது படித்தவர்கள் சமாசாரம், நமக்கு எதற்கு?" என்று ஒதுக்கி விடாதீர்கள். இது நம் வீட்டுப் பணத்தின் கதை. அரிசிப் பானையிலும், அஞ்சறைப் பெட்டியிலும் ஒளித்து வைத்த காசு, வீட்டை விட்டு வெளியே போன கதை. போன காசு திரும்பி வந்ததா, இல்லையா என்ற கதை.

இந்தக் கதை சொல்லும் பாடம் ஒன்றே ஒன்றுதான். பாங்கியில் இருப்பது பிறர் பணம். அதைத் தொடுகிறவர் யாராக இருந்தாலும் கணக்குச் சொல்லியே தீர வேண்டும். வெள்ளைக்காரத் துரையானாலும் சரி, சர்க்கார் பாங்கியானாலும் சரி!

கதவு அடைத்தது!

1906-ம் ஆண்டு அக்டோபர் மாதம் 22-ந் தேதி. திங்கட்கிழமை. சென்னையில் அர்பத்நாட் கம்பெனி கதவை அடைத்தது. "எங்களால் பணம் கொடுக்க முடியாது" என்று கையை விரித்து விட்டது.

அர்பத்நாட் என்பது சாதாரணக் கம்பெனி அல்ல. அந்நாளில் சென்னையில் பாரி, பின்னி, அர்பத்நாட் ஆகிய மூன்றும்தான் பெரிய வெள்ளைக்கார வாணிபக் கம்பெனிகள். அர்பத்நாட் வியாபாரமும் செய்தது. பொது ஜனங்களிடம் டிபாசிட்டும் வாங்கியது. வட்டியும் கொடுத்தது.

ஜனங்கள் பெயரைப் பார்த்துப் பணத்தைப் போட்டார்கள். "துரை கம்பெனி! அது முறியுமா?" என்று நம்பினார்கள். ஓய்வு பெற்ற உத்தியோகஸ்தர்கள் போட்டார்கள். விதவைகள் போட்டார்கள். வக்கீல்களும், மிராசுதாரர்களும் போட்டார்கள்.

அந்தப் பணம் என்ன ஆயிற்று? லண்டனில் இருந்த கூட்டாளியின் வழியாகக் கடல் கடந்த ஊக வாணிபங்களில் இறங்கியது. லாபம் வந்தால் கம்பெனிக்கு. நஷ்டம் வந்தால் டிபாசிட் போட்டவர்களுக்கு! நஷ்டம்தான் வந்தது.

ஆயிரக்கணக்கான குடும்பங்கள் நடுத்தெருவுக்கு வந்தன. மகள் கல்யாணத்துக்குச் சேர்த்தது போயிற்று. முதுமைக்கு வைத்திருந்தது போயிற்று.

வழக்கு நடந்தது. கம்பெனியின் தலைவர் சர் ஜார்ஜ் அர்பத்நாட்டுக்கு 18 மாதக் கடுங்காவல் தண்டனை கிடைத்தது. கவர்னரோடு சரிசமமாகப் பழகிய துரை சிறைக்குப் போனார். ஆனால், துரை சிறைக்குப் போனதால் ஏழையின் பணம் முழுவதும் திரும்பி வந்து விடுமா?

வக்கீல் கண்ட வழி

இந்த வழக்கில், பணம் இழந்தவர்களின் பக்கம் நின்று வாதாடியவர் வி. கிருஷ்ணசாமி அய்யர். திருவிடைமருதூரில் பிறந்தவர். சென்னையின் பெரிய வக்கீல். பிற்பாடு ஐகோர்ட்டு நீதிபதி ஆனவர். பாரதியாரின் பாடல்களை 1907-ல் தம் சொந்தச் செலவில் அச்சிட்டு, இலவசமாக வழங்கியவரும் இவர்தான்.

வழக்கை நடத்தியதோடு அவர் நிற்கவில்லை. "நம் பணத்தை நாமே காப்பாற்ற நமக்கென்று ஒரு பாங்கி வேண்டும்" என்ற முடிவுக்கு வந்தார்.

அப்போது சென்னையில் பாங்கியே இல்லையா? இருந்தது. 1843-ல் தொடங்கிய மதராஸ் பாங்கி இருந்தது. ஆனால், அது வெள்ளையர் நிர்வாகத்தில் இருந்தது. அதன் கவனமெல்லாம் சர்க்கார் பணத்திலும், பெரிய கம்பெனிகளிலும் இருந்தது. நம் ஊர் வியாபாரி லேவாதேவிக்காரர்களைத்தான் தேடிப் போக வேண்டியிருந்தது.

அது சுதேசி வேகம் கிளம்பிய காலம். அர்பத்நாட் முறிந்த அதே அக்டோபர் மாதத்தில்தான், தூத்துக்குடியில் வ.உ.சிதம்பரம் பிள்ளையின் சுதேசிக் கப்பல் கம்பெனி பதிவாயிற்று. கடலில் நம் கப்பல் ஓட வேண்டும் என்றார் அவர். கரையில் நம் பாங்கி நடக்க வேண்டும் என்றார்கள் இவர்கள்.

செட்டிநாட்டு நகரத்தார்கள் கை கொடுத்தார்கள். அண்ணாமலைச் செட்டியாரும், அவருடைய தமையனார் ராமசாமிச் செட்டியாரும் இந்த முயற்சியில் பங்கு கொண்டார்கள். வக்கீலின் வாதமும் செட்டியாரின் வியாபார அனுபவமும் ஒன்று சேர்ந்தன.

1907-ம் ஆண்டு மார்ச் மாதம் 5-ந் தேதி இந்தியன் பாங்கி பதிவாயிற்று. ஆகஸ்டு மாதம் 15-ந் தேதி, பாரிமுனையில் பாரி கம்பெனிக் கட்டிடத்தில் வேலையைத் தொடங்கியது. சரியாக 40 ஆண்டுகள் கழித்து, அதே தேதியில் நாடு சுதந்திரம் அடைந்தது!

கடல் தாண்டியது

சிறு பாங்கிதான். ஆனாலும் நிதானமாக நடந்தது. 1913-ல் தொடங்கி, நாட்டில் சுதேசி பாங்கிகள் பல அடுத்தடுத்துச் சரிந்தன. இந்தியன் பாங்கி நின்றது. 1938-ல் திருவிதாங்கூர் நேஷனல் அண்டு குயிலான் பாங்கி முறிந்தது. அப்போதும் இந்தியன் பாங்கி நின்றது.

தமிழர்கள் பிழைப்புத் தேடிப் போன இடமெல்லாம் பாங்கியும் போயிற்று. 1932-ல் கொழும்பு. 1940-ல் ரங்கூன். 1941-ல் சிங்கப்பூர். உடனே உலகப் போர் அந்தப் பக்கமும் பரவியது. கடல் கடந்த கிளைகளை மூட வேண்டி வந்தது. போர் முடிந்ததும் மறுபடி தொடங்கினார்கள்.

அக்காலத்தில் ஊருக்கு ஊர் சிறு பாங்கிகள் இருந்தன. அவற்றில் பல, தனியாக நிற்க முடியாமல் தள்ளாடின. 1960-களில் சேலம் பாங்கி, மன்னார்குடி பாங்கி முதலியவை இந்தியன் பாங்கியோடு சேர்ந்தன. 1990-ல் தஞ்சாவூர் பாங்கி சேர்ந்தது. சிறு ஆறுகள் பெரிய ஆற்றில் கலப்பது போல் இது நடந்தது.

இதற்கிடையே 1960-ம் ஆண்டு கேரளத்தில் பாலாய் சென்ட்ரல் பாங்கி மூடப்பட்டது. மறுபடியும் ஏழைகளின் கண்ணீர்! அந்தக் கண்ணீரால் ஒரு நன்மை விளைந்தது. டிபாசிட்டுக்கு இன்ஷூரன்ஸ் என்ற ஏற்பாடு 1962-ல் நடைமுறைக்கு வந்தது. பாங்கி முறிந்தாலும், ஒருவருக்கு ரூ.1,500 வரை நிச்சயம் கிடைக்கும் என்றார்கள். 1993-ல் அது ரூ.1 லட்சம் ஆயிற்று. 2020-ல் ரூ.5 லட்சம் ஆயிற்று.

1906-ல் இப்படி ஓர் ஏற்பாடு இருந்திருந்தால், அர்பத்நாட்டில் பணம் போட்ட விதவையின் வீட்டில் அடுப்பு அணைந்திருக்காது.

சர்க்கார் கைக்கு வந்தது

1969-ம் ஆண்டு ஜூலை மாதம் 19-ந் தேதி, 14 பெரிய பாங்கிகளைப் பிரதமர் இந்திரா காந்தியின் சர்க்கார் தேசிய மயமாக்கியது. அவற்றில் இரண்டு பாங்கிகளுக்குத் தலைமை இடம் சென்னை. ஒன்று இந்தியன் பாங்கி. மற்றொன்று, 1937-ல் எம்.சி.டி. சிதம்பரம் செட்டியார் தொடங்கிய இந்தியன் ஓவர்சீஸ் பாங்கி.

ஏன் தேசிய மயம்? பாங்கிகளில் பணம் போட்டவர்கள் பல லட்சம் பேர். கடன் பெற்றவர்களோ பெரும்பாலும் பெரிய ஆலைக்காரர்கள். உழவனுக்குக் கிடைத்தது மிகவும் சொற்பம். "ஊரார் பணம் ஊராருக்கும் பயன்பட வேண்டும்" என்பதுதான் அப்போது எழுந்த குரல்.

1969-ல் நாடு முழுவதும் இருந்த பாங்கிக் கிளைகள் 8 ஆயிரத்துச் சொச்சம். 1990-ல் அது 60 ஆயிரத்தை நெருங்கியது. வாரச் சந்தை மட்டுமே கண்ட ஊர்களுக்குப் பாங்கி வந்தது. உழவு மாட்டுக்கும், கிணற்று மோட்டாருக்கும், தையல் மிஷினுக்கும் கடன் கிடைத்தது. கைநாட்டு வைத்தவர்கள் கையெழுத்துப் போடப் பழகினார்கள்.

இது பெரிய சாதனை. இதை யாரும் மறுக்க முடியாது.

ஊரார் வீட்டு நெய்!

ஆனால், கதை இத்துடன் முடிந்து விடவில்லை.

1995-96-ம் ஆண்டுக் கணக்கு வெளிவந்தபோது நாடே திடுக்கிட்டது. இந்தியன் பாங்கிக்கு ரூ.1,336 கோடி நஷ்டம்!

எப்படி வந்தது இந்த நஷ்டம்? பெருந்தொகைகளைக் கடனாகக் கொடுத்தார்கள். வாங்கியவர்கள் திருப்பிக் கட்டவில்லை. கடன் கொடுத்த விதம் பற்றி சி.பி.ஐ. விசாரணை நடந்தது. கோர்ட்டில் வழக்குகள் நடந்தன.

"ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே" என்று நம் ஊரில் ஒரு பழமொழி உண்டு. பிறர் பணத்தை அள்ளிக் கொடுக்கும்போது கை தாராளமாகி விடுகிறது!

ஒரு வராக்கடன் என்ன செய்யும்? ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். பேச்சுக்குச் சொல்கிறோம்: பாங்கி உங்களுக்கு 100 ரூபாய்க்கு 6 ரூபாய் வட்டி கொடுக்கிறது. கடன் வாங்கியவரிடம் 9 ரூபாய் வட்டி வாங்குகிறது. மிச்சம் 3 ரூபாய். சம்பளம், வாடகை எல்லாம் அதற்குள்தான். அந்தச் செலவே இல்லை என்று வைத்துக்கொண்டாலும், ஒரு 100 ரூபாய்க் கடன் மூழ்கிப் போனால், அதை ஈடு கட்ட 33 பேருக்கும் மேல் நாணயமாகக் கட்டிய வட்டியின் மிச்சம் போக வேண்டும்! ஒரு பெரிய மனிதர் ஏமாற்றினால், 33 சிறிய மனிதர்களின் நாணயம் வீணாகிறது.

1906-ல் கதவு அடைத்தது. 1996-ல் கதவு அடைக்கவில்லை. டிபாசிட் போட்ட ஒருவர்கூடப் பணத்தை இழக்கவில்லை. அதற்குக் காரணம், சர்க்கார் பின்னால் நின்றது. பல ஆண்டுகளில் ஆயிரக்கணக்கான கோடி ரூபாயைப் பாங்கிக்கு மூலதனமாகக் கொடுத்தது.

சர்க்கார் பணம் என்பது யார் பணம்? தீப்பெட்டி வாங்கும்போதும், சோப்பு வாங்கும்போதும் நாம் கட்டும் வரிப் பணம்தான்! ஆகவே, பாங்கியைக் காப்பாற்றியது மக்கள். பணம் போட்டவர்களும் மக்கள். பழுதுக்கு விலை கொடுத்தவர்களும் மக்கள்.

மீண்ட கதை

2000-ம் ஆண்டில் ரஞ்சனா குமார் என்ற பெண்மணி பாங்கியின் தலைவராக வந்தார். "இந்தப் பாங்கியை மூடி விடலாம்; வேறு பாங்கியோடு சேர்த்து விடலாம்" என்று பலர் பேசிய நேரம் அது.

அவர் மந்திரம் எதுவும் செய்யவில்லை. ஒரு குடும்பத்தலைவி கடனில் மூழ்கிய வீட்டை எப்படித் தூக்கி நிறுத்துவாளோ, அப்படித்தான் செய்தார். செலவைக் குறைத்தார். நஷ்டத்தில் நடந்த கிளைகளை வேறு கிளைகளோடு சேர்த்தார். விருப்ப ஓய்வுத் திட்டம் கொண்டு வந்தார். வராக்கடனை வசூலிக்க முடுக்கி விட்டார். ஊழியர்களும் ஒத்துழைத்தார்கள்.

2001-02-ம் ஆண்டிலேயே பாங்கி லாபம் காட்டியது. 2007-ல் நூற்றாண்டு. அந்த ஆண்டு பொது ஜனங்களுக்குப் பங்குகளை விற்றது.

லாபத்தைவிட நமக்குப் பெரிதாகத் தோன்றும் செய்தி ஒன்று உண்டு. புதுச்சேரி பகுதியில் மங்கலம் என்று ஒரு கிராமம். 2005-ல் அங்கே வீட்டுக்கு வீடு பாங்கிக் கணக்கு தொடங்கிக் கொடுத்தது இந்தியன் பாங்கி. எல்லாக் குடும்பங்களுக்கும் பாங்கி வசதி கிடைத்த முதல் கிராமம் என்ற பெயர் இந்தியாவிலேயே மங்கலத்துக்குக் கிடைத்தது. "ஜன்தன்" திட்டம் 2014-ல்தான் வந்தது. அதற்கு 9 ஆண்டுகளுக்கு முன்பே ஒரு சிறு கிராமம் வழி காட்டி விட்டது.

2020-ம் ஆண்டு ஏப்ரல் 1-ந் தேதி, 1865-ல் பிறந்த அலகாபாத் பாங்கி, இந்தியன் பாங்கியோடு இணைந்தது. வயதில் 42 ஆண்டு மூத்த பாங்கி, இளைய பாங்கியின் பெயரை ஏற்றுக்கொண்டது! பாரிமுனையில் தொடங்கிய பாங்கி, கங்கைக் கரை வரை பரந்து விட்டது.

பெரியது என்றால் போதுமா?

பாங்கி பெரியதாகி விட்டது. மகிழ்ச்சிதான். ஆனால் பெரியது என்பதே பெருமை ஆகி விடாது. அர்பத்நாட்டும் பெரிய கம்பெனிதான்! 1996-ல் நஷ்டம் கண்டபோதும் இந்தியன் பாங்கி பெரிய பாங்கிதான்!

ஒரு பாங்கி நல்ல பாங்கியா என்று எப்படிப் பார்ப்பது? இரண்டு கேள்விகள் போதும்.

முதல் கேள்வி: பெரியவருக்கும் சிறியவருக்கும் ஒரே நியாயமா? 20 ஆயிரம் ரூபாய்ப் பயிர்க் கடனை ஒரு தவணை தவறவிட்ட உழவன் வீட்டுக்கு ஆள் போகிறது. அடகு வைத்த கம்மல் ஏலத்துக்கு வருகிறது. கோடிக்கணக்கில் கட்டாதவரிடமும் அதே வேகம் காட்ட வேண்டும். அவருடைய பெயரும் ஊரறிய வேண்டும். பிறர் பணத்தை வாங்கிக்கொண்டவருக்கு மறைவு எதற்கு?

இரண்டாவது கேள்வி: கிளைக்கு வரும் ஏழைக்கு மரியாதை உண்டா? பென்ஷன் வாங்க வரும் பாட்டியிடம் அவளுக்குத் தெரிந்த மொழியில் பேச வேண்டும். பாரத்தை நிரப்பத் தெரியாதவரிடம் முகம் சுளிக்கக் கூடாது. டிபாசிட் போட வந்தவரிடம், அவருக்குப் புரியாத பாலிசிகளைத் தலையில் கட்டக் கூடாது. கணக்கில் பணம் குறைந்தால் அபராதம் போடும் வழக்கத்தை இந்தியன் பாங்கி 2025 ஜூலையில் சேமிப்புக் கணக்குகளுக்கு நீக்கி விட்டது. இது பாராட்ட வேண்டிய காரியம். பணம் இல்லாதவனிடம் "பணம் இல்லை" என்பதற்காகப் பணம் பிடுங்குவது என்ன நியாயம்?

நாம் செய்ய வேண்டியது

பாங்கிக்கு மட்டும் புத்தி சொன்னால் போதுமா? நமக்கும் கடமை உண்டு.

இன்றைக்கும் புதிது புதிதாக அர்பத்நாட்டுகள் முளைக்கத்தான் செய்கின்றன. அன்று துரையின் பெயர். இன்று பளபளப்பான ஆபீஸ், நடிகர் படம் போட்ட விளம்பரம். "ஒரு லட்சம் போட்டால் மாதம் பத்தாயிரம்" என்கிறார்கள். கொஞ்சம் யோசியுங்கள். எந்த நேர்மையான தொழிலில் அவ்வளவு லாபம் வரும்? நேற்றுப் போட்டவருக்கு, இன்று போட்டவரின் பணத்தை எடுத்துக் கொடுப்பார்கள். நாளைக்கு ஆள் வராவிட்டால் கதவு அடைபடும். பேராசை பெரு நஷ்டம்!

பாங்கியில் போடுகிறவர்களும் சில விஷயங்களைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். டிபாசிட் இன்ஷூரன்ஸ் ரூ.5 லட்சம் என்பது அசலும் வட்டியும் சேர்த்து. ஒரே பாங்கியில் நாலு கிளைகளில் போட்டாலும் எல்லாம் சேர்த்து ஒரே கணக்குத்தான். முன்பு இந்தியன் பாங்கியிலும் அலகாபாத் பாங்கியிலும் தனித்தனியே போட்டிருந்தவர்களுக்கு, இரண்டும் இப்போது ஒரே பாங்கி. இந்த இன்ஷூரன்சுக்கு நீங்கள் பணம் கட்ட வேண்டாம்; பாங்கியே கட்டுகிறது. சீட்டுக் கம்பெனிக்கும், பைனான்சுக் கம்பெனிக்கும் இந்தப் பாதுகாப்பு கிடையாது.

உங்களுக்குப் பின் பணம் யாருக்கு என்று பாங்கியில் எழுதிக் கொடுத்து விடுங்கள். பாஸ் புத்தகம் எங்கே இருக்கிறது என்பது மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் தெரிய வேண்டும். படிக்கத் தெரிந்த பிள்ளையை விட்டு, மாதம் ஒரு முறை வரவு செலவைப் படிக்கச் சொல்லுங்கள். புரியாவிட்டால் மானேஜரிடம் போய்க் கேளுங்கள். கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம். அது உங்கள் பணம்!

பாங்கிக்கு மூலதனம் என்று பங்குத் தொகையைச் சொல்வார்கள். அதைவிடப் பெரிய மூலதனம் ஒன்று இருக்கிறது. அதுதான் நம்பிக்கை. 1907-ல் அந்த மூலதனத்தை வைத்துத்தான் பாங்கி தொடங்கினார்கள். 1996-ல் பாங்கி தள்ளாடியபோதும், ஜனங்கள் பதறிப் போய்ப் பணத்தை எடுக்க முண்டியடிக்கவில்லை. அந்த நம்பிக்கைதான் அதைக் காப்பாற்றியது.

சில்லறையாக வந்து சேர்ந்த நம்பிக்கை அது. சித்தாளின் கூலியிலிருந்து வந்தது. வாத்தியாரின் சம்பளத்திலிருந்து வந்தது. பால்காரியின் சுருக்குப் பையிலிருந்து வந்தது. பாங்கியை நடத்துகிறவர்கள், கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடும் ஒவ்வொரு முறையும் இந்த முகங்களை ஒரு முறை நினைத்துப் பார்க்கட்டும். பிறர் பணத்துக்கு அதைவிடச் சிறந்த காவல் இல்லை!